கார் பெயிண்ட்ல ஸ்வர்ல் எடுக்க ஹெவி காம்பவுண்ட் எப்படி போடணும், எங்க நிறுத்தணும்

டார்க் கலர் கார் ஒண்ணு வெயில்ல நிக்கும்போது பானெட்ட பாருங்க, சூரியன் பளிச்சுனு அடிக்கிற எடத்த சுத்தி வட்ட வட்டமா மெல்லிசு கோடு தெரியும், அதுதான் ஸ்வர்ல் மார்க். இத எடுக்கணும்னு எறங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு புரிஞ்சுக்கணும், அந்த கோடெல்லாம் உண்மையில வட்டமா இல்ல. எல்லா பக்கமும் தாறுமாறா விழுந்து கெடக்குற பொடிப்பொடி கீறல்தான், அதுல வெளிச்சத்துக்கு குறுக்கா இருக்குற கீறல் மட்டும் மின்னுறதால நமக்கு வட்டமா தெரியுது. டார்ச்ச நகர்த்துனீங்கன்னா வட்டமும் கூடவே நகரும், செஞ்சு பாருங்க. வட்டமா தொடைச்சதாலதான் இப்படி ஆச்சு, நேரா தொடைச்சிருந்தா ஆகியிருக்காதுனு நெறைய பேர் நம்புறாங்க, அப்படி இல்ல, துணியில மண்ணு இருந்தா எப்படி தொடைச்சாலும் கீறும்.

சரி அந்த கீறல் எதுல இருக்கு? இப்போ வர்ற கார்ல மெட்டல் மேல துருப்பிடிக்காம ஒரு கோட், அது மேல பிரைமர், அப்புறம் கலர் இருக்குற பேஸ் கோட், எல்லாத்துக்கும் மேல கலரே இல்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்த்து சாதாரணமா 100ல இருந்து 180 மைக்ரான் வரைக்கும் இருக்கும், அதுல கிளியர் கோட் மட்டும் பாத்தா பெரும்பாலும் 35ல இருந்து 50 மைக்ரான்தான், அதாவது ஒரு தலைமுடி கனம் கூட இல்ல. ஸ்வர்ல் இருக்குறது இந்த கிளியர் கோட்டோட மேல்பரப்புல. காம்பவுண்ட், அதாவது அரைக்குற துகள் கலந்த பேஸ்ட், போட்டா கீறல் "மறையுது"னு சொல்றோம் இல்லையா, அங்க நடக்குறது என்னன்னா கீறலோட அடிமட்டம் வரைக்கும் சுத்தி இருக்குற கிளியர் கோட்ட தேய்ச்சு எடுத்துடுறோம், மேடு போனதும் பள்ளமும் இல்லாம போயிடுது. எடுத்தது திரும்ப வராது. வெயில்ல இருந்து கலர காப்பாத்துற சமாச்சாரமும் அந்த கிளியர் கோட்டுக்குள்ளதான் இருக்கு, ரொம்ப மெலிஞ்சு போச்சுன்னா உடனே ஒண்ணும் தெரியாது, ஆனா கொஞ்ச வருஷத்துல வெளுத்து, செதில் செதிலா உரிய ஆரம்பிச்சுடும், அப்புறம் ரீபெயிண்ட் தவிர வேற வழி கெடையாது. அதனால நான் எப்பவும் சொல்றது ஒண்ணுதான், ஹெவி காம்பவுண்ட்ட முதல்ல கையில எடுக்காதீங்க, வேற எதுவும் வேலைக்கு ஆகலேன்னு டெஸ்ட் பண்ணி பாத்த பிறகு எடுங்க.

எல்லா கீறலும் காம்பவுண்ட்ல போகவும் போகாது. வெரல் நகத்த கீறலுக்கு குறுக்கா மெதுவா இழுத்துப் பாருங்க, நகம் மாட்டுச்சுன்னா அது ரொம்ப ஆழம், அத தொரத்திக்கிட்டு போனா கிளியர் கோட்டையே தாண்டிடுவீங்க. அந்த மாதிரி கீறலோட ஓரத்த மட்டும் மழுங்க வெச்சு, பளிச்சுனு கண்ண உறுத்தாத அளவுக்கு கொண்டு வந்து விட்டுடணும், 100 சதவீதம் போகணும்னு அடம்பிடிக்கக் கூடாது. இன்னொரு வகை இருக்கு, வெயில்ல பாத்தா அலை அலையா, மெஷின் போன பாதை அப்படியே தெரியும், கோணம் மாறுனா ஆடும், அது ஹோலோகிராம், யாரோ ரோட்டரி மெஷின்ல, அதாவது பேட ஒரே அச்சுல சுத்துற மெஷின்ல, காம்பவுண்ட் போட்டுட்டு ஃபினிஷிங் பண்ணாம விட்டது. அதுக்கு ஹெவி காம்பவுண்ட் தேவையே இல்ல, நல்ல ஃபினிஷிங் பாலிஷும் (காம்பவுண்ட்ட விட ரொம்ப நைசானது) சாஃப்ட் ஃபோம் பேடும் போதும்.

இப்போ காம்பவுண்ட் பத்தி. உள்ள இருக்குறது ரொம்ப நைசான அலுமினியம் ஆக்சைடு மாதிரி அரைக்குற துகள், கூடவே வழுக்குறதுக்கு ஆயில், தண்ணி, இன்னும் சில சமாச்சாரம். ரெண்டு வகையா வருது. ஒண்ணு தேய்க்க தேய்க்க துகள் ஒடைஞ்சு நைசாகிட்டே போறது, இத பாதியில நிறுத்துனா ஒடையாத துகள் போட்ட கோடு அப்படியே நிக்கும், அதனால முழு சைக்கிளும் ஓட்டணும். இன்னொண்ணு துகள் கடைசி வரைக்கும் அதே சைஸ்ல இருக்குறது, மெகுயர்ஸ் எம்105 இந்த வகைதான், இது முதல் செகண்ட்ல இருந்தே வெட்டும், எப்ப வேணா நிறுத்தலாம், ஆனா சீக்கிரம் காஞ்சு பொடியா பறக்கும். நீங்க வாங்குனது எந்த வகைன்னு தெரியாம மெஷின ஓட்டாதீங்க, பாட்டில் பின்னாடி போட்டிருக்குற முறைய ஒரு தடவ முழுசா படிங்க. டப்பாவுல வர்ற பழைய மாடல் ரப்பிங் காம்பவுண்ட் சிலது ரொம்ப கரடா இருக்கும், ஸ்வர்ல் எடுக்குறேன்னு அத போட்டா இருக்குற கீறல விட பெரிய கீறல் விழும், முழு பேனல்ல போட வேண்டாம். பல்பொடி, டூத்பேஸ்ட்னு வர்ற ஐடியாவ எல்லாம் கண்டுக்காதீங்க.

மெஷின்ல புதுசா பண்றவங்க கண்ண மூடிக்கிட்டு டிஏ மெஷின் வாங்குங்க, அதாவது சுத்திக்கிட்டே ஆடவும் செய்யுற டூயல் ஆக்ஷன் டைப். ரோட்டரி ஒரே அச்சுல சுத்துறதால சூடு சட்டுனு ஏறும், ஓரத்துல ஒரு நிமிஷம் கவனம் செதறுனா பெயிண்ட் எரிஞ்சுடும், பழகுன கைக்கு அது அருமையான மெஷின், முதல் காருக்கு வேண்டாம். டிஏல ஆட்டம் 8 மில்லிமீட்டர்ல இருந்து 21 மில்லிமீட்டர் வரைக்கும் வரும், 15 இருந்தா பெரும்பாலான பேனலுக்கு சரியா இருக்கும். ரொம்ப பேர் கவனிக்காத விஷயம் பேட். வெட்டுற வேகத்த முடிவு பண்றதுல காம்பவுண்ட்டுக்கு இருக்குற பங்கு பேடுக்கும் இருக்கு. உல் பேட், அதாவது கம்பளி பேட், ரொம்ப வெட்டும், மைக்ரோஃபைபர் பேடும் நல்லா வெட்டும் ஆனா சாஃப்ட் பெயிண்ட்ல மங்கலா விட்டுடும், அப்புறம் கட்டிங் ஃபோம், பாலிஷிங் ஃபோம், ஃபினிஷிங் ஃபோம்னு எறங்கு வரிசை. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு கலர் குடுக்குறான், கலர வெச்சு எது ஹார்டு எது சாஃப்ட்னு முடிவு பண்ணாதீங்க, பேர படிங்க. பேட் குறைஞ்சது நாலஞ்சு வேணும், ஒரே பேட வெச்சு முழு காரையும் முடிக்கலாம்னு நெனச்சா பாதியிலயே அது அடைச்சு, சூடாகி, வெட்டுறத நிறுத்திடும்.

பெயிண்ட் கனம் பாக்குற மீட்டர் கெடைச்சா கண்டிப்பா யூஸ் பண்ணுங்க. அது காட்டுறது மொத்த கனம், கிளியர் கோட் மட்டும் தனியா இல்ல, அத மனசுல வெச்சுக்கோங்க. ஒரு பேனல்ல பல எடத்துல வெச்சு பாருங்க, பக்கத்து பேனல் எல்லாம் 120 காட்டும்போது ஒரே ஒரு டோர் 250, 300னு காட்டுச்சுன்னா அது ரீபெயிண்ட் ஆன டோர், மேல போட்ட கிளியர் எப்படிப்பட்டதுன்னு சொல்ல முடியாது, தனியா டெஸ்ட் பண்ணணும். 80, 90னு கம்மியா காட்டுச்சுன்னா ஏற்கனவே யாரோ நல்லா தேய்ச்சிருக்க வாய்ப்பு இருக்கு, அங்க ஹெவி காம்பவுண்ட்ட மறந்துடுங்க. பிளாஸ்டிக் பம்பர்ல சாதாரண மீட்டர் வேலை செய்யாது, அலுமினியம் பானெட்டுக்கு அதுக்கு ஏத்த மீட்டர் வேணும்.

கார கழுவாம எதுவும் ஆரம்பிக்கக் கூடாது, இது எல்லாருக்கும் தெரியும், ஆனா கழுவுனா மட்டும் பத்தாது. கையில மெல்லிசு பிளாஸ்டிக் கவர மாட்டிக்கிட்டு ஈரமான பானெட் மேல தடவிப் பாருங்க, சொரசொரன்னு இருந்துச்சுன்னா பிரேக்ல இருந்து பறந்த இரும்புத்தூள், தார் எல்லாம் ஒட்டியிருக்குன்னு அர்த்தம். அயர்ன் ரிமூவர் அடிச்சு, அப்புறம் கிளே பார்ல (களிமண் மாதிரி மெத்துனு இருக்குற கட்டி) லூப்ரிகண்ட் நெறைய விட்டு வழிச்சு எடுங்க. கிளே கீழ விழுந்துச்சுன்னா எடுத்து திரும்ப யூஸ் பண்ணாதீங்க. இந்த ஸ்டெப்ப விட்டா ஒட்டியிருக்குற துகள் பேடுல மாட்டி சுத்தும், புதுசா நீங்களே ஸ்வர்ல் போட்ட மாதிரி ஆயிடும். காஞ்சதும் கருப்பு ரப்பர் பீடிங், பெயிண்ட் அடிக்காத பிளாஸ்டிக், எம்ப்ளம், பாடி லைன் விளிம்பு எல்லாத்துக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டிடுங்க. கருப்பு பிளாஸ்டிக்ல காம்பவுண்ட் பட்டு காஞ்சா வெள்ளை வெள்ளையா நிக்கும், எடுக்குறது பெரிய தலைவலி. நிழல்ல, பேனல் தொட்டா ஜில்லுனு இருக்கும்போது பண்ணுங்க, வெயில்ல சூடான பேனல்ல காம்பவுண்ட் போட்ட ஒடனே காஞ்சுடும்.

அடுத்தது டெஸ்ட் ஸ்பாட், என்னைக் கேட்டா இந்த வேலையில மூளை இங்கதான் இருக்கு. பானெட்ல ஓரம், வளைவு இல்லாத சமமான எடமா 40க்கு 40 சென்டிமீட்டர் டேப் ஒட்டி கட்டம் போடுங்க. முதல்ல மீடியம் பாலிஷும் பாலிஷிங் ஃபோமும் வெச்சு ஒரு தடவ. தொடைச்சுட்டு நல்ல எல்இடி டார்ச்ச சாய்வா அடிச்சு பாருங்க. ஸ்வர்ல் 80, 90 சதவீதம் போயிடுச்சா, சந்தோஷம், முழு காருக்கும் இதுவே போதும், ஹெவி காம்பவுண்ட் பாட்டில திறக்கவே வேண்டாம். போகலையா, அதே பாலிஷ், கொஞ்சம் ஹார்டான பேட். அப்பவும் போகலேன்னா ஹெவி காம்பவுண்ட்டும் கட்டிங் ஃபோமும். அதுக்கும் அசையாத பெயிண்ட்டுக்குத்தான் மைக்ரோஃபைபரோ உல்லோ. சில கம்பெனி பெயிண்ட் கல்லு மாதிரி ஹார்டு, சிலது துணி பட்டாலே கோடு விழுற அளவு சாஃப்ட், ஒரே கார்லயே ரீபெயிண்ட் பேனல் வேற மாதிரி நடந்துக்கும், அதனால அடுத்தவங்க கார்ல வேலை செஞ்ச காம்பினேஷன் உங்க கார்ல செய்யும்னு உத்தரவாதம் கெடையாது. டெஸ்ட் ஸ்பாட் முடிஞ்சு டேப்ப உரிச்சதும் கட்டத்துக்கு உள்ள ஒரு மாதிரியும் வெளிய ஒரு மாதிரியும் தெரியும் பாருங்க, அந்த கோட்டுல நின்னு நல்லா பாருங்க, உங்களுக்கு எவ்வளவு தேவைன்னு அங்கயே புரிஞ்சுடும்.

ஹெவி காம்பவுண்ட்தான்னு முடிவாயிடுச்சுன்னா இப்படி போகலாம். புது பேடுக்கு முதல் தடவ மட்டும் மேல்பரப்பு முழுக்க காம்பவுண்ட்ட மெல்லிசா கையால தேய்ச்சு ஏத்திடுங்க, இல்லேன்னா காஞ்ச பேட் பெயிண்ட்ட உரசும். அதுக்கப்புறம் ஒவ்வொரு கட்டத்துக்கும் பட்டாணி சைஸ்ல மூணு நாலு சொட்டு, அவ்வளவுதான். நெறைய ஊத்துனா நெறைய வெட்டும்னு தோணும், அது நடக்காது, பேட் வழுக்கிக்கிட்டு போகும், அடைச்சுக்கும், தூசியும் கூடும். பேட பேனல் மேல வெச்சுட்டு அப்புறம் ஸ்விட்ச் போடுங்க, ஸ்விட்ச் ஆஃப் பண்ணிட்டு தூக்குங்க, காத்துல சுத்த விட்டா சுவரு, கண்ணாடி, உங்க மூஞ்சி எல்லாம் காம்பவுண்ட். வயர தோள் மேல போட்டுக்கோங்க, அது பேனல்ல உரசக் கூடாது. கண்ணுக்கு கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க் அவசியம். முதல்ல ஸ்பீட் 1, 2ல வெச்சு கட்டம் முழுக்க பரப்புங்க, அப்புறம் 4, 5க்கு ஏத்துங்க. கை வேகம் செகண்டுக்கு 3ல இருந்து 5 சென்டிமீட்டர், அதாவது பாக்குறவங்களுக்கு எரிச்சல் வர்ற அளவு மெதுவா. இடமிருந்து வலமா ஒரு வரிசை, அடுத்த வரிசை முந்தினதுல பாதிய மூடுற மாதிரி, கட்டம் முடிஞ்சதும் மேலிருந்து கீழ அதே மாதிரி. இப்படி குறுக்கும் நெடுக்குமா நாலுல இருந்து ஆறு தடவ.

அழுத்தம் எவ்வளவுன்னு எல்லாரும் கேக்குறாங்க. டிஏ மெஷின்ல பேடுக்கு பின்னாடி இருக்குற பிளேட்டோட விளிம்புல மார்க்கர்ல ஒரு கோடு போட்டுக்கோங்க. ஓட்டும்போது அந்த கோடு சுத்துறது தெரியணும். கோடு நின்னு வெறும் ஆட்டம் மட்டும் இருந்தா வெட்டுறது கிட்டத்தட்ட நின்னுடுச்சு, அழுத்தம் ஜாஸ்தி, இல்லேன்னா பேட சாய்ச்சு புடிச்சிருக்கீங்க. வளைஞ்ச ஃபெண்டர்ல இது அடிக்கடி நடக்கும், அங்க சின்ன பேட் போட்டு, அழுத்தத்த குறைச்சு, பேட் சமமா உக்காருற மாதிரி மணிக்கட்ட திருப்பிக்கிட்டே போகணும். முதல் ரெண்டு மூணு தடவ கொஞ்சம் அழுத்தி, கடைசி ரெண்டு தடவ மெஷினோட சொந்த எடை மட்டும் விழுற மாதிரி லேசா முடிங்க. காம்பவுண்ட் படலத்த பாத்துக்கிட்டே இருங்க, ஆரம்பத்துல வெள்ளையா தடிமனா இருக்கும், போகப் போக மெலிஞ்சு, கீழ பெயிண்ட் தெரியுற மாதிரி ஈரமான கண்ணாடிப் படலமா மாறும், பெரும்பாலும் அங்கதான் நிறுத்தணும். பொடிப் பொடியா காஞ்சு, மெஷின் சத்தம் மாறி, பேட் இழுக்க ஆரம்பிச்சுச்சுன்னா தாண்டிட்டீங்க, ஒடனே நிறுத்துங்க. நடுநடுவுல புறங்கைய பேனல்ல வெச்சு பாருங்க, லேசா வெதுவெதுப்பா இருந்தா பரவாயில்ல, கைய வைக்க முடியலேன்னா ஆற விடணும். பிளாஸ்டிக் பம்பர்ல இன்னும் கவனம், மெட்டல் மாதிரி அது சூட்ட பரப்பி விடாது, ஒரே எடத்துல தேங்கிடும்.

ஓரம், மடிப்பு, பாடி லைன், இந்த எடத்துலதான் காம்பவுண்ட் காரங்க மாட்டிக்குறாங்க. கூர்மையான விளிம்புல பெயிண்ட் இயல்பாவே மெல்லிசா நிக்கும், பேடோட மொத்த அழுத்தமும் அந்த ஒரு கோட்டுல விழும், ரெண்டும் சேர்ந்தா சீக்கிரம் பிரைமர் தெரிஞ்சுடும். அதனால விளிம்புக்கு டேப் ஒட்டி ரெண்டு பக்கமும் தனித்தனியா பண்ணுங்க, கடைசியில டேப்ப எடுத்துட்டு ஃபினிஷிங் பாலிஷால ஒரு தடவ லேசா போனா போதும். இன்னொரு எச்சரிக்கை மணி பேடுலயே இருக்கு. கிளியர் கோட் இருக்குற கார்ல பேடுல கார் கலர் ஏறவே கூடாது, ஏறுச்சுன்னா கிளியர தாண்டி கலர தொட்டுட்டீங்க, மெஷின கீழ வெச்சுடுங்க. பழைய கார்ல கிளியர் இல்லாம கலர் மட்டும் அடிச்ச பெயிண்ட் இருக்கும், அங்க மட்டும் கலர் ஏறுறது சகஜம், பயப்பட வேண்டாம். ரெண்டுல எதுன்னு முன்னாடியே தெரிஞ்சுக்க மறைவான எடத்துல கையாலயே கொஞ்சம் பாலிஷ வெள்ளைத் துணியில தொட்டு தேய்ச்சுப் பாருங்க.

ஒவ்வொரு கட்டம் முடிஞ்சதும் பேட பிரஷ்ஷால தேய்ச்சோ ஏர் கம்ப்ரசரால ஊதியோ சுத்தம் பண்ணுங்க. வெட்டி எடுத்த கிளியர் கோட்டும் தீர்ந்துபோன காம்பவுண்ட்டும் பேடுலயே தங்கி கெட்டியாயிடும், அது மேலயே ஓட்டுனா புதுக் கீறல். மிச்சத்த சுத்தமான, ஓரத்துல தையல் குத்தாத மைக்ரோஃபைபர் துணியால அழுத்தாம தொடைங்க. இப்போ பளபளன்னு இருக்கும், உடனே நம்பிடாதீங்க. காம்பவுண்ட்ல இருக்குற ஆயில் மீதி கீறல்ல போயி ஒக்காந்து கண்ணுக்கு மறைச்சுடும், நாலு வாட்டி கழுவுனா திரும்ப எழுந்து நிக்கும். ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல சுமார் 10ல இருந்து 15 சதவீதம் வர்ற மாதிரி தண்ணி கலந்து ஸ்ப்ரே பண்ணி தொடைச்சுட்டு, வேற வேற கோணத்துல டார்ச் அடிச்சு பாருங்க, உண்மை நெலவரம் அப்பத்தான் தெரியும். அதுலயும் மீதி இருந்தா இன்னொரு செட், அதாவது அந்த நாலுல இருந்து ஆறு தடவ போறத திரும்ப, ஓட்டலாம், மூணாவது செட்டுக்கு போறதுக்கு முன்னாடி மீட்டர்ல எவ்வளவு கொறைஞ்சிருக்குன்னு பாருங்க. உல்லு, ஹெவி காம்பவுண்ட் சேர்ந்தா ஒரு செட்டுக்கே 3, 4 மைக்ரான் போயிடலாம். மொத்தமா 8, 10 மைக்ரான் எடுத்தாச்சுன்னா போதும், மிச்ச கீறலோட வாழ பழகிக்கலாம், காருக்கு அதுதான் நல்லது.

காம்பவுண்ட் முடிஞ்சதும் பெயிண்ட் லேசா மங்கலா, பால் கலந்த மாதிரி தெரியும், கருப்புல ரொம்பவே தெரியும். வேலை கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல, காம்பவுண்ட்டே போட்ட நுண்ணிய கீறல்தான் அது. ஃபினிஷிங் ஃபோம் பேட், மெகுயர்ஸ் எம்205 மாதிரி நைஸ் பாலிஷ், ஸ்பீட் 3, 4, அழுத்தமே இல்லாம மூணு நாலு தடவ. ஆழம் வர்றது, கண்ணாடி மாதிரி தெரியுறது எல்லாம் இந்த ஸ்டெப்லதான், காம்பவுண்ட்ல இல்ல. நேரம் இல்லேன்னு இத விட்டுட்டு மேல வேக்ஸ் பூசுறவங்க இருக்காங்க, கொஞ்ச நாள் மறைஞ்சிருக்கும், அப்புறம் வெயில்ல நிறுத்துனா எல்லாம் வெளிய வந்துடும். ரூஃப விட்டாலும் பரவாயில்ல, காம்பவுண்ட் போட்ட பேனல ஃபினிஷ் பண்ணாம விடாதீங்க.

டோர் ஹேண்டில் குழிக்குள்ள நகம் பட்டு விழுற கீறலுக்கு மெஷின் போகாது. அங்க சின்ன ஃபோம் அப்ளிகேட்டர்ல ஒரு சொட்டு மீடியம் பாலிஷ வெச்சு கையால பண்ணுங்க, வெரல் நுனியால நேரா அழுத்தாதீங்க, வெரல் போன தடம் தனியா தெரியும். ஹெவி காம்பவுண்ட்ட கையால பெரிய பேனல்ல போடுறது வேண்டாம், அழுத்தம் ஒரே சீரா வராது, எங்க எவ்வளவு எடுத்தோம்னு தெரியாம திட்டுத் திட்டா நிக்கும்.

எல்லாம் முடிஞ்சு ஆல்கஹால் தொடைப்பு கடைசியா ஒண்ணு குடுத்துட்டு வேக்ஸ், சீலண்ட், செராமிக் கோட்டிங் எது வேணா போடுங்க, போடாம மட்டும் விடாதீங்க. அதுக்கப்புறம் தூசி இருக்குற கார காஞ்ச துணியால தட்டவோ தொடைக்கவோ கூடாது, பிரஷ் சுத்துற ஆட்டோமேட்டிக் வாஷ்ல விடக் கூடாது. கழுவும்போது ஷாம்பூக்கு ஒரு பக்கெட், கழுவுற கையுறைய (மிட்) அலசுறதுக்கு இன்னொரு பக்கெட், முதல்ல தண்ணிய பீச்சி மண்ண எறக்கிட்டு மேல இருந்து கீழ. ஈரத்த ஒத்தி எடுங்க, இழுத்து தேய்க்காதீங்க. யூஸ் பண்ண பேட அன்னைக்கே கழுவி, முகம் கீழ பாக்குற மாதிரி காய வெச்சு, கவர்ல போட்டு எந்த பாலிஷுக்கு யூஸ் ஆச்சுன்னு எழுதி வையுங்க. காம்பவுண்ட் போட்ட பேட எவ்வளவு கழுவுனாலும் ஃபினிஷிங் பாலிஷுக்கு எடுக்காதீங்க, உள்ள ஒளிஞ்சிருக்குற ஒரு துகள் போதும், முடிச்ச பேனல்ல திரும்ப கோடு விழும்.